மடிக்கணினி வாங்கப் போகும் உம்மாமாருக்கு



அரபு இலக்கணமும் பிக்ஹும் படிப்பிக்கின்ற ஒரு மௌலவி மடிக்கணினியைப் பற்றி எழுதப் புறப்பட்டு விட்டாரே என்று நீங்கள் மூக்கில் விரல் வைக்கலாம். வைத்தாலும் தவறில்லை. நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் கணினி என்ற பொருளைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் 2021ஆம் ஆண்டு என் மகனுக்கென்று விலை உயர்ந்த மடிக்கணினி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். 2025இல் மகளுக்கென்று இன்னொன்றை வாங்கினேன். அல்ஹம்துலில்லாஹ், அதில் ஏமாறவில்லை. இரண்டுக்கும் இடையில் புத்தூரில் ஒரு தம்பியின் வீட்டுத் திண்ணையில் இருந்து கற்றுக் கொண்டவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

உங்கள் முன் என்று சொல்லக் காரணம் உண்டு. பிள்ளைக்கு லெப்டொப் வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுந்தால் கடைக்குப் போவது வாப்பா. பணம் வருவதோ பெரும்பாலும் உம்மாவின் சீட்டுக் காசிலிருந்து, அல்லது கையிலிருக்கும் காப்பிலிருந்து. பணம் கொடுப்பவர் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுப்பதே முறை.

முதல் லெப்டொப்பின் கதையைக் கேளுங்கள். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. பிள்ளைகள் கைத்தொலைபேசியின் சின்னத் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக் கொண்டிருந்தார்கள். மனைவிக்குச் சீட்டு விழுந்த மாதம் அது. கடையில் ஒருவர் மெல்லிய, வெள்ளி நிறமான ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு கையால் தூக்கலாம். மூடினால் ஒரு அப்பியாசக் கொப்பியின் தடிப்புத்தான். "இது பிரீமியம் மொடல், பத்து வருஷம் பார்க்கத் தேவையில்லை" என்றார். இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா எண்ணிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவும் இல்லை.

மூன்று ஆண்டுகள் போயின. மகன் கட்டட வரைபடம் கீறும் படிப்பில் சேர்ந்தான். அந்த மென்பொருளைத் திறந்தால் லெப்டொப் அப்படியே நின்று விடும். விசிறி அலறும். ஸுபஹுக்குப் பிறகு திறந்தால் காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் படம் வரும் என்று அவன் தங்கை கேலி செய்வாள். "ரெம் கூட்டினால் சரியாகிவிடும் வாப்பா" என்றான் மகன். நகரத்தில் இரண்டு கடைகளில் கேட்டோம். ஒருவர் பார்க்காமலே முடியாது என்றார். மற்றவர், விற்றுவிட்டுப் புதிது வாங்குங்கள், நல்லது ஒன்று வந்திருக்கிறது என்றார். அப்போதுதான் என்னோடு படிப்பிக்கின்ற ஆசிரியர் ஒருவர் புத்தூர்த் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள், சிறுப்பிட்டி எல்லாம் தாண்டினால் புத்தூர்ச் சந்தி. அங்கிருந்து நிலாவரைப் பக்கம் திரும்ப வேண்டும். நிலாவரைக் கிணற்றைச் சின்ன வயதில் வாப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து போய்ப் பார்த்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு, மறுபடி அதைப் பார்க்க எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் பிடித்தது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று வாப்பா அன்று சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. லெப்டொப்பைத் தோளில் கொழுவிக் கொண்டு அந்த வழியால் போகையில் அது மனதில் வந்தது.

தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள் போட்டு வைத்த சோடி மூடிகள். வேறு விளம்பரப் பலகை ஒன்றும் இல்லை. லெப்டொப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கழற்றினார்.

"சேர், வந்து பாருங்கோ. ரெம் போடுற இடமே இதில இல்லை. எல்லாம் மதர்போர்ட்டோட ஈயம் வைச்சு ஒட்டினது. எட்டு ஜீபீ எண்டால் சாகும்வரை எட்டுத்தான்."

"இவ்வளவு விலை கொடுத்து வாங்கினேனே தம்பி?"

"விலை கூடினதுகளிலதான் சேர் உந்தப் பிரச்சினை கூட. மெல்லிசாச் செய்யோணும் எண்டால் ஒட்டத்தானே வேணும்."

அந்தப் பதில் என்னை உலுக்கி விட்டது. விலை கூடினால் தரம் கூடும், தரம் கூடினால் ஆயுள் கூடும் என்றுதான் நாம் நம்பிக் கொண்டிருக்கிறோம். இந்தப் பொருளில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை.

மேசையும் சாமான் அறையும்

ரெம் என்றால் என்ன, ஸ்டோரேஜ் என்றால் என்ன என்று பிள்ளைகள் சொல்வது பல தாய்மாருக்குக் குழப்பமாக இருக்கிறது. எனக்கும் இருந்தது. என் மனைவி தன் பாஷையில் விளங்கிக் கொண்ட விதத்தையே சொல்கிறேன். ஸ்டோரேஜ் என்பது சாமான் அறை. அரிசியும் மாவும் அங்கே கிடக்கும். விளக்கு அணைந்தாலும் போகாது. ரெம் என்பது சமைக்கும்போது சாமானைப் பரப்பி வைக்கின்ற மேசை. சமையல் முடிந்தால் மேசை வெறுமையாகிவிடும். மேசை சிறிதாக இருந்தால், பெருநாளுக்கு இருபது பேருக்குச் சமைக்கும்போது ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து மறுபடி எடுக்க வேண்டி வரும். கணினி நின்று நின்று ஓடுவது அதனால்தான். புரொசசர் என்பது சமைப்பவரின் கை.

விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தது 4 ஜீபீ ரெம் போதும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. அது மேசையில் ஒரு தேநீர்க் கோப்பை வைப்பதற்கான இடம். படிக்கும் பிள்ளைக்கு 8 ஜீபீ கட்டாயம். பல்கலைக்கழகப் படிப்பு, வரைபடம், வீடியோ என்றால் 16. அப்பிள் நிறுவனமே நெடுங்காலம் 8 ஜீபீயில் கணினி விற்றுவிட்டு, 2024 ஒக்டோபரில்தான் தன் மெக் கணினிகளின் ஆரம்ப அளவை 16ஆக உயர்த்தியது. ஒட்டிய ரெம் உள்ள கணினியை வாங்குவதென்றால் இன்றைய தேவைக்கு வாங்காதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு வரும் தேவைக்கு இன்றே வாங்க வேண்டும். அதன் விலை கடையில் பார்த்தால் தலை சுற்றும்.

இந்த ஒட்டும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2012 ஜூனில் அப்பிள் வெளியிட்ட ரெட்டினா மெக்புக் புரோவில் ரெம் மதர்போர்ட்டோடு ஒட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டு அதே பெயரில் வெளிவந்த பழைய தடித்த மொடலிலோ ரெம்மை யாரும் கழற்றி மாற்றலாம். மெலிவு விலை போனது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியே போயின. 2020 நவம்பரில் எம்1 என்ற சிப் வந்தபோது ரெம் அந்தச் சிப்போடு ஒரே பொதிக்குள் போய்விட்டது. இதனால் வேகமும் பற்றரி நேரமும் கூடின என்பது உண்மை. அந்தச் சிப் கொண்ட மெக்புக் எயார் விசிறி இல்லாமலே நாள் முழுக்க ஓடியதைப் பார்த்தவர்கள் மெச்சினார்கள். குறை சொல்வதற்காக நல்லதை மறைக்கக் கூடாது. ஆனால் வாங்கும்போது எடுத்த முடிவை பிறகு திருத்த வழி கிடையாது என்பதும் உண்மையே.

இதற்கு மாற்றாக, எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி மாற்றத்தக்க கணினியொன்றை ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021இல் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும், கையில் எடுத்துச் செல்லும் சாதனங்களின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற விதியை 2023இல் இயற்றியது. 2027 பெப்ரவரி 18 முதல் அது நடைமுறைக்கு வருகிறது. அங்கே நடப்பவை நம் சந்தைக்கு வந்து சேரச் சில காலம் எடுக்கும்.

வழக்கம்போல் இரண்டாம் கை

2025இல் என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி சார்ந்த படிப்புக்கு இடம் கிடைத்தது. வீட்டில் சந்தோஷம். கூடவே இரவு முழுக்கக் கணக்கு. 2022 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. பின்னர் 300 அளவுக்கு இறங்கியும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரி 1 முதல் வற் வரியும் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. மகனுக்கு வாங்கியது போன்ற ஒன்றின் விலை நாலு இலட்சத்தைத் தாண்டி நின்றது. மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் காப்பு இரண்டையும் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அந்தக் காப்பு அவளுடைய உம்மா 1990இல் உடுத்த உடுப்போடு புறப்பட்டபோது எப்படியோ தப்பி வந்தது. அதை விற்பது என்ற நினைப்பே எனக்கு நெஞ்சை அடைத்தது.

கடைக்காரர்கள் வேறு வழி சொன்னார்கள்: கடன் அட்டை, மாதத் தவணை. தவணை முறையில் வாங்குவது அனைத்தும் ஆகாது என்று நினைத்து விடாதீர்கள். உடன் பணத்துக்கு ஒரு விலை, தவணைக்குக் கூடிய ஒரு விலை என்று பேசி, அந்த விலையை ஆரம்பத்திலேயே முடிவு செய்து கொண்டால் அந்த வியாபாரம் கூடும். தவணை பிந்தினால் ஏறிக் கொண்டே போகும் மேலதிகத் தொகைதான் வட்டியின் வாசல். பூச்சிய வட்டி என்று எழுதியிருக்கும் தாளிலும் கீழே சிறிய எழுத்தில் பிந்தினால் என்ன என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சிறிய எழுத்தை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

மறுபடி புத்தூருக்குப் போனோம். இம்முறை மகளும் மனைவியும் வந்தார்கள். தம்பியின் தாயார் என் மனைவியை உள்ளே கூப்பிட்டு இருத்தி, எங்களுக்குச் சோடி வாங்கிக் கொடுத்தார். தம்பி மகளிடம்தான் பேசினார்; எது படிக்கப் போகிறாய், தினமும் தூக்கிக் கொண்டு போவதா, வீட்டில் வைப்பதா என்றெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "சேர், புதுசு வேண்டாம். பெரிய கொம்பனிகள் பாவிச்சுக் கழிச்ச நல்ல மெஷின் வேண்டுங்கோ."

நான் முகம் சுளித்தேன். மகளுக்குப் பிறர் கழித்ததா? அவர் விளக்கினார். வீட்டுப் பாவனைக்கென்று செய்யும் கணினி வேறு, நிறுவனங்களுக்கென்று செய்யும் கணினி வேறு. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியவை பின்னையவை. புதிதாக வாங்கினால் இவையும் விலை உயர்ந்தவைதான். மூன்று, நான்கு வருடத்தில் பெரிய நிறுவனங்கள் மொத்தமாக மாற்றும்போது இவை சந்தைக்கு வருகின்றன. கீல் உறுதியானது, விசைப்பலகை நல்லது, பழுது பார்க்கும் கைநூல் எல்லாருக்கும் கிடைக்கும், உதிரிப் பாகங்களும் கிடைக்கும். திங்க்பேட் 1992இல் ஐ.பி.எம். தொடங்கிய பெயர், 2005இல் லெனோவோவின் கைக்குப் போனது.

நாங்கள் கடைசியில் எடுத்தது 2018இல் வந்த திங்க்பேட் டி480. ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக முடிந்தது. ரெம் போட இரண்டு இடங்கள். ஒன்றில் 8 ஜீபீ இருந்தது. இன்னொரு 8 போட்டு 16 ஆக்கினோம். பற்றரியும் இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளிப் பற்றரியைக் கணினியை அணைக்காமலே கழற்றி வேறொன்று போடலாம். 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததை மறக்காத நமக்கு இதன் அருமை தெரியும். ஆனால் எல்லாத் திங்க்பேட்டும் இப்படியல்ல. அதே வீட்டுப் பிள்ளையான எக்ஸ்1 கார்பன் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடிய எடை, அழகும் அதிகம், ரெம் ஒட்டியதுதான். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கேட்டு நிற்காமல் மொடலின் இலக்கத்தைக் கேளுங்கள். அந்த இலக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்து இணையத்தில் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் விடை வரும்.

ஐ7 என்ற மந்திரம்

விற்பவர் "ஐ7" என்று சொன்னதும் நாம் மயங்கி விடுகிறோம். இங்கே ஒரு நுணுக்கம். இன்டெல் ஐ7-7600யூ என்ற புரொசசரில் இருப்பவை இரண்டு கருக்கள். ஐ5-8250யூ என்பதில் நான்கு. பெயரில் சிறியதாகத் தெரிவதுதான் வேலையில் பெரியது. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம் அது எந்தத் தலைமுறை என்று சொல்லும். 7 என்றால் ஏழாம் தலைமுறை, 8 என்றால் எட்டாம் தலைமுறை. பத்தாம் தலைமுறை முதல் இலக்கம் இரண்டாகிவிடும்.

இது இப்போது மிகவும் முக்கியமாகி விட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ முறைப்படி போட இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைப் பலர் மலிவாகத் தள்ளி விடுகிறார்கள். "விண்டோஸ் 11 போட்டுத் தந்திருக்கிறேன்" என்று குறுக்கு வழியில் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. மலிவு ஏன் என்று கேளுங்கள்.

பழைய கணினியை விற்கும்போது குறையைச் சொல்லி விற்பது ஈமானோடு சம்பந்தப்பட்ட விஷயம். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் மத்ரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வாங்குபவருக்கும் உரிமை இருக்கிறது. மறைக்கப்பட்ட குறை தெரிய வந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். நம் ஷாபிஈ மத்ஹபில், மூன்று நாள் வரை பார்த்து வேண்டாம் என்றால் திருப்பித் தருவேன் என்று பேசி வாங்கவும் இடமுண்டு. நான் அப்படித்தான் பேசினேன். விற்றவர் முஸ்லிமல்லர், சிரித்துக் கொண்டே சம்மதித்தார்.

அந்த மூன்று நாளில் மகள் பார்த்தவை இவை. பவர்கொன்ஃபிக் என்ற கட்டளையால் பற்றரி அறிக்கை எடுத்தாள். புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது மிஞ்சியிருப்பதும் அதில் தெரியும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் எஸ்.எஸ்.டி.யின் நலத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு விசையையும் அழுத்தினாள். வெளிநாட்டிலிருந்து வரும் கணினிகளில் ஜெர்மன், பிரெஞ்சு விசைப்பலகைகள் இருக்கும். எழுத்துகள் இடம் மாறியிருக்கும், எங்களுடையதில் அது இல்லை. ஒவ்வொரு துவாரத்திலும் பென் டிரைவ் செருகி, யூ.எஸ்.பி. சி வழியே மின்னேற்றம் ஏறுகிறதா என்று பார்த்தாள். முழு வெள்ளைத் திரை வைத்து இருட்டில் கறை தேடினாள். பயோஸ் கடவுச்சொல்லோ, முன்னைய நிறுவனத்தின் பூட்டோ இருக்கிறதா என்று தம்பி பார்த்துக் கொடுத்தார். இந்தப் பூட்டு பொல்லாதது. பழைய மெக்புக் வாங்குகிறவர்கள் முன்னைய உரிமையாளர் தன் அப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டாரா என்பதைப் பணம் கொடுக்க முன் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலுமினியத் தகடு.

அலுமினியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலோக உடல் கொண்ட கணினியை மின்னேற்றிக் கொண்டே தொட்டால் கையில் கிறுகிறுக்கிறது என்று பெண் பிள்ளைகள் பயப்படுவார்கள். இரண்டு முனைப் பிளக்கைப் பாவிப்பதால் பெரும்பாலும் வருவது அது. எர்த் உள்ள மூன்று முனைக் கம்பியை வாங்கிப் போட்டால் நின்றுவிடும். ஐரோப்பியப் பிளக்கோடு வரும் சார்ஜருக்கு நூறு ரூபா அடப்டர் போட்டுக் காலம் தள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கினால் பிளக்கையே கழற்றி விடுங்கள். மெத்தையில் வைத்துப் பாவித்தால் அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறும். சூடுதான் பற்றரியின் எமன். எப்போதும் பிளக்கில் வைத்தே பாவிப்பவர்கள், 80 வீதத்தில் மின்னேற்றம் நிற்கும்படி அமைத்துக் கொள்ளலாம். பெரும்பாலான வணிகக் கணினிகளில் அந்த வசதி உண்டு. அடிப்பக்கம் உப்பினால் பற்றரி வீங்கி விட்டது என்று அர்த்தம். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், பாவிப்பதை நிறுத்தி உடனே கழற்றக் கொடுங்கள்.

விலை உயர்ந்தது பழுதாகாது என்ற எண்ணத்துக்கு இன்னொரு உதாரணம் சொல்லலாம். 2015 முதல் 2019 வரை வந்த பல மெக்புக்குகளின் 'பட்டர்ஃபிளை' விசைப்பலகையில் சிறு தூசு புகுந்தாலே விசை ஒட்டிக் கொள்ளும். 2018இல் அப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கை 2022இல் 5 கோடி டொலர் இணக்கத் தொகையோடு முடிக்கச் சம்மதித்தது. புத்தூர்ச் செம்மண் புழுதியில் அந்தக் கணினியை நினைத்துப் பாருங்கள்!

மகனின் வெள்ளிக் கணினி

ரெம்மைக் கூட்ட முடியாவிட்டாலும் மகனின் கணினியைத் தம்பி கைவிடவில்லை. எஸ்.எஸ்.டி. மட்டும் கழற்றும்படி இருந்தது. 256 ஜீபீ நிரம்பி வழிந்திருந்ததால் அதை 1 டெராபைட் ஆக்கினார். இங்கேயும் அளவு பார்த்தே வாங்க வேண்டும். எம்.2 என்ற சிறிய எஸ்.எஸ்.டி.களில் நீளம் வேறுபடும். 2280 என்றால் 80 மில்லிமீற்றர், 2242 என்றால் 42. எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பத்து வருடப் பழைய கணினியில் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார். நொடிக்கு நூறு மெகாபைட் அளவில் வாசித்தது ஐந்நூறைத் தொட்டது. அந்தப் பிள்ளையின் உம்மா, புதுக் கணினி வாங்கிய மாதிரி இருக்கிறது என்று பெருநாள் பலகாரம் கொடுத்தனுப்பினார். குறைந்த காசில் கூடிய பலன் தரும் திருத்தம் இதுவே என்பேன்.

ரெம் வாங்குகிறவர்கள் டி.டி.ஆர். 3, 4, 5 என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது; வெட்டுப் பள்ளமே வேறு இடத்தில் இருக்கும். 2025இன் பிற்பகுதியில் உலகெங்கும் ரெம் விலை வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் கணினி நிலையங்கள் அவற்றை அள்ளிக் கொண்டு போவதே காரணம். குருஷியல் என்ற பெயரில் சில்லறை விற்பனை செய்து வந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்தை விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நாங்கள் அதற்கு முன்பே வாங்கி முடித்தது புத்தியினால் அல்ல, ரிஸ்கு அப்படி அமைந்தது.

கணினியைத் திறக்கக் கொடுக்க முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். உள்ளிருப்பதைப் பிரதி எடுங்கள். பிட்லொக்கர் மீட்புத் திறவுகோல் என்ற நீண்ட இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாகம் மாற்றிய பிறகு சில கணினிகள் அந்த இலக்கத்தைக் கேட்டு அடம்பிடிக்கும். இல்லையென்றால் உள்ளிருக்கும் அனைத்தும் போனது போனதுதான்.

சகோதரிகளே, இனிச் சொல்வதை மற்ற எல்லாவற்றையும்விடக் கூர்ந்து வாசியுங்கள். நம் வீட்டுக் கணினியில் கல்யாண வீட்டுப் படங்கள் இருக்கின்றன. ஹிஜாப் இல்லாமல் நம் பெண்கள் வீட்டுக்குள் நிற்கும் படங்கள், பிள்ளைகள் குளிக்கும் படங்கள், வங்கிக் கணக்குகள் எல்லாம் அதிலேயே. அழித்து விட்டோம், குப்பைத் தொட்டியையும் காலி செய்து விட்டோம் என்று நினைத்து விற்று விடுகிறோம். சுழலும் டிஸ்க்கில் அழித்தவை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இலவச மென்பொருள் ஒன்றே அவற்றைத் தோண்டி எடுத்துவிடும். விற்பதாக இருந்தால் விண்டோஸின் 'ரீசெட்' பகுதியில் அனைத்தையும் நீக்கு என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தெரிவு செய்யுங்கள். சில மணித்தியாலம் எடுக்கும், எடுக்கட்டும். எஸ்.எஸ்.டி. என்றால் முதலில் பிட்லொக்கரால் முழுவதையும் பூட்டிவிட்டுப் பிறகு அப்படிச் செய்வது இன்னும் நல்லது. இதிலெல்லாம் மனம் அமைதியடையாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக் கொண்டு கணினியை மட்டும் விற்றுவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் இதே கதைதான். புத்தூர்த் தம்பி எங்களிடம் கணினியை வாங்கியதும் முதலில் செய்தது எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி ஒரு கடித உறையில் போட்டு என் மனைவியின் கையில் கொடுத்ததுதான். "இது உங்களிட்டையே இருக்கட்டும் அம்மா. எனக்கு மெஷின் மட்டும் போதும்" என்றார். யாரும் அவருக்கு அமானிதத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி அந்த உறையைக் கைப்பைக்குள் விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

மகனிடமிருந்து கழற்றிய அந்த 256 ஜீபீ எஸ்.எஸ்.டி.க்கு யூ.எஸ்.பி. உறை ஒன்று வாங்கிப் போட்டோம். இப்போது வீட்டுப் படங்களின் இரண்டாவது பிரதி அதில் இருக்கிறது, அலுமாரியில், மாமியின் காப்பு இருக்கும் அதே பெட்டிக்குள். காப்பு விற்கப்படவில்லை. மகளின் டி480க்கு மனைவியின் சீட்டும், என் சேமிப்பில் கொஞ்சமும் போதுமானதாக இருந்தது. மகன் படிப்பு முடித்து வேலைக்குப் போனபோது அவனுக்கு அலுவலகத்தில் வேறு கணினி கொடுத்து விட்டார்கள். வெள்ளிக் கணினியில் என் மனைவி தன் தையல் கணக்கை எழுதுகிறாள். அந்த வேலைக்கு 8 ஜீபீ தாராளம்.